ஒருக்கா நொண்டி எழும்பினவர்

ஜெர்மனியில் ஒருவர் எலும்பு டொக்டராக வருவதென்றால் என்ன பாடு படவேணும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நல்ல புள்ளி எடுக்க வேணும், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேணும், தலைமயிர் கொட்டுமட்டும் படிக்க வேணும், பிறகு ஆஸ்பத்திரியில் நித்திரை முழித்து வேலை பழக வேணும், அதெல்லாம் முடிந்த பிறகுதான் வாசலில் பெயர்ப்பலகை தொங்கவிடலாம். ஆனால் எங்கடை சனத்துக்குள்ளே ஒரு வகை வைத்தியர் இருக்கிறார். அவருக்கு இதொன்றும் தேவையில்லை. ஒரு படி தவறினால் போதும்.

அந்த வகைக்கு நான் வைத்திருக்கிற பெயர் ஒருக்கா நொண்டி எழும்பினவர். எப்போதோ ஒருநாள் விழுந்திருப்பார். முழங்காலில் ஏதோ ஒரு சவ்வு இழுபட்டிருக்கும். கொஞ்சக் காலம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடந்திருப்பார். ஆண்டவர் மனிசனுடைய உடம்பைப் படைத்த விதத்தில் அது தன்பாட்டில் ஆறியிருக்கும். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் படுக்கும்போது நோயாளியாகப் படுத்தவர், எழும்பும்போது டொக்டராக எழும்பிவிட்டார். அவரை ஆற்றினது சோபா. சோபாவுக்காக ஆர் சாட்சி சொல்வது? அதனால் அந்தக் காலத்தில் பூசின எண்ணெய்க்கோ, பிடிச்ச லேசர் வெளிச்சத்துக்கோ, குடிச்ச கசாயத்துக்கோ அந்தப் பெருமை போய்ச் சேர்ந்தது. மிச்சப் பெருமை அவருக்கு.

நீங்கள் இவரைக் கண்டிருப்பீர்கள். தமிழ்ப் பூசை முடிந்து, ஜெர்மன்காரருடைய பங்கு மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்சும் கொடுக்கிற நேரம் பாருங்கோ. மற்றவர்கள் ஆளைக் கண்டால் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர் முகத்தைப் பார்க்கமாட்டார், நடையைப் பார்ப்பார். கதவால் உள்ளே வருகிறவர்களில் ஆர் நேராய் நடக்கிறார், ஆர் ஒரு பக்கம் சாய்க்கிறார், ஆர் கதிரையைப் பிடிச்சு இருக்கிறார் என்று வாசலை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். ஒருவர் ஊன்றுதடியோடு வந்தால் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கோ, பெருநாள் பூசையில்கூட அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

எங்கடை ஹனோவரில் இந்த வகைக்குத் தலைவர் பென்ஜமின் அண்ணை. நல்ல மனிசன். பூசைக்குப் பிந்த மாட்டார். மண்டபத்தில் கதிரை அடுக்குவார். செத்த வீடென்றால் முதல் ஆளாய் நிற்பார். ஆனால் அவருக்கு ஒரு முழங்கால் இருக்கிறது. அதுதான் கரைச்சல்.

அந்த முழங்கால் எப்படி விழுந்தது என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை, கேட்காமலே சொல்லுவார். தமிழர் விளையாட்டு விழாவில், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்டத்தில், இவர் கோல் காத்தவர். பந்து வந்தது, பாய்ந்தார், விழுந்தார். பந்து அந்தப் பக்கம் வரவில்லை என்று பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள், அது வேறு கதை. முதல் வருசம் சொல்லும்போது சவ்வு கொஞ்சம் இழுபட்டது என்றார். அடுத்த வருசம் அறுந்தது. அதற்கடுத்த வருசம் இரண்டு சவ்வு அறுந்தது. இப்போது அவருடைய முழங்காலில், ஆண்டவர் ஒரு முழங்காலுக்குக் கொடுத்ததை விடக் கூடுதலான சவ்வுகள் அறுந்து, அவ்வளவும் ஊரிலிருந்து வந்த எண்ணெயால் ஒட்டியிருக்கின்றன.

அவரிடம் அகப்பட்டவருக்கு நடப்பது எப்போதும் ஒன்றுதான். முதலில் உங்களைக் கதிரையில் இருத்துவார். பிறகு, நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முன்னம், உங்கள் முழங்காலில் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, "இஞ்சை நோகுதோ?" என்பார். நோகாமல் என்ன செய்யும்? அந்த விரலால் அழுத்தினால் மேசைக்கும் நோகும். நீங்கள் ஐயோ என்றதும் தலையை ஆட்டுவார். பிறகு டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்பார். நீங்கள் சொல்லுவீர்கள். மூக்காலே ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதற்குப் பிறகுதான் பெரிய சடங்கு. தன்ரை காற்சட்டையைச் சுருட்டத் தொடங்குவார். குளிர்காலமென்றால் உள்ளுக்கு இன்னொரு காற்சட்டை இருக்கும், அதையும் சுருட்டுவார். றோல்ஸ் தின்றுகொண்டிருக்கிற பெண்டுகள் அந்தப் பக்கம் திரும்புவார்கள். இரண்டு முழங்காலையும் மண்டபத்தின் வெளிச்சத்துக்கு நேரே காட்டி, "எது அறுந்த கால், சொல்லுங்கோ பாப்பம்?" என்பார்.

ஆருக்கும் சொல்ல ஏலாது. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், இரண்டு பழைய தேங்காய் மாதிரி. ஒருதரம் ஒரு அப்பாவி மனிசன் இடது கால் என்று சொல்லிவிட்டார். அது வலது கால். அன்றைக்கு முழுக்க பென்ஜமின் அண்ணையைக் கையால் பிடிக்க ஏலவில்லை.

"டொக்டர்மார் படிச்சது புத்தகம். நான் படிச்சது என்ரை கால்," என்பார். "செய்து பாருங்கோவன், என்ன நட்டம்?" என்பார். கடைசியில் குனிந்து, காதுக்குக் கிட்ட வந்து, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருக்கிற குருவானவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "டொக்டரிட்டை மட்டும் சொல்லிப்போடாதைங்கோ, அவையளுக்கு உது விளங்காது," என்பார்.

இந்தக் கடைசி வசனத்தை மறக்காதைங்கோ. இவ்வளவும் எழுதுவது அந்த வசனத்துக்காகத்தான்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் எண்ணெயைப் பழிக்கவில்லை. ஊரில் முறிவு நெரிவு பார்க்கிற பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் ஆளைக் கண்ணாலே பார்த்து, கையாலே தடவி, எலும்பு எங்கே, நரம்பு எங்கே என்று அறிந்துதான் மூலிகை அரைத்துப் பத்துப் போடுவார்கள். லேசர் வெளிச்சத்தையும் பழிக்கவில்லை. அதைப் படித்துப் பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும். நான் பழிப்பது இவரைத்தான். பத்தும் தெரியாது, படிப்பும் தெரியாது, தன்ரை கால் மட்டும் தெரியும்.

இனிச் சுஜீவாவின் கதைக்கு வருகிறேன்.

சுஜீவா மன்னார்ப் பிள்ளை. இங்கே ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. புருசன் அலோசியஸ் பேக்கரியில் இரவு வேலை. ஒரே ஒரு மகள், ஆரணி. அந்தப் பிள்ளை மாதம் நிறைய முன்னம் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் கிடந்த காலத்தில் சுஜீவா மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை தப்பினால் உம்முடைய சுருவக் கூட்டை என்ரை தோளில் தூக்குவேன் என்று. பிள்ளை தப்பியது, வளர்ந்தது, இப்போது ஆஸ்பத்திரியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறது. நேர்த்திதான் நின்றுவிட்டது. ஆவணி மாதம் ஜெர்மனியில் இருக்கிற எங்கடை கத்தோலிக்கச் சனமெல்லாம் ஒரு மாதா திருத்தலத்தில் கூடுவார்கள் அல்லவா, அங்கே சுற்றுப்பிரகாரத்தில் மாதா சிலை இருக்கிற சுருவக் கூட்டை ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு ஊர்ச் சனம் தூக்கும். ஹனோவருக்கு முன்பு முறை வந்தபோது சுஜீவாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த வருசம் திரும்ப எங்கள் முறை. அவளுடைய பெயரும் எழுதியாகிவிட்டது. பின்பக்கத்துத் தடியில், வலது தோள்.

மாசி மாதம் டிராம் தரிப்பிடத்தில் உறைபனி வழுக்கி விழுந்தாள்.

முழங்காலின் உள்பக்கச் சவ்வு கிழிந்தது. எலும்பு டொக்டர் ஒரு நிதானமான ஜெர்மன் மனிசி. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முழுக்க அறவில்லை, வெட்டத் தேவையில்லை, இந்தக் காப்புப் பட்டியைப் போட்டுக்கொண்டு, சொல்லித் தருகிற உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் கோடைக்குள் நடக்கலாம், பாரமும் தூக்கலாம் என்று சொன்னா. சுஜீவா அந்த இடத்திலேயே அழுதாளாம். டொக்டர் நோவிலே அழுகிறாள் என்று நினைத்து நோக்குளிசை எழுதிக் கொடுத்தாவாம்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேணும். பட்டி, பயிற்சி, பொறுமை. ஆனால் ஒரு தமிழ் வீட்டில் ஒரு கால் நீட்டப்பட்டிருக்கிறது என்றால் அது சும்மா இருக்குமா?

பென்ஜமின் அண்ணை முதல் கிழமையே வந்தார். கையில் ஒரு பழைய ஜாம் போத்தல், அதற்குள் கறுப்பாய் ஒரு களிம்பு. நொச்சி, முடக்கொத்தான், வேலிப்பருத்தி, மஞ்சள், உள்ளி, இன்னும் சொல்லக்கூடாத இரண்டு இலை, எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் கரியக் கரியக் காய்ச்சினதாம். பூசிச் சீலை சுற்ற வேணும். மூன்று நாளைக்குத் தண்ணி படக்கூடாது. எரியும், எரிஞ்சால்தான் சவ்வு பிடிக்கும். சுஜீவா டொக்டர் பட்டி தந்திருக்கிறா என்று மெல்லமாய்ச் சொல்லிப் பார்த்தாள். "பட்டியைப் போடுங்கோ பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? உதுக்கு மேலாலை போடுங்கோ," என்றார். பிறகு அந்தக் கடைசி வசனத்தையும் காதுக்குள் சொன்னார்.

ஏன் பூசினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணை ஒருவர் தூரத்திலிருந்து டிராம் மாறி வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, போத்தலைக் கையில் தந்தால், வேண்டாம் என்று சொல்ல எங்கடை பெட்டையளுக்கு ஆர் பழக்கினது? அதோடு அண்ணை அடுத்த ஞாயிறு வந்து மணந்து பார்ப்பார். எண்ணெய் மணக்காவிட்டால் கோவிப்பார். சுஜீவா பூசினாள். வீடு மணத்தது. அலோசியஸ் வேலையால் வந்து கதவைத் திறந்து, "என்ன, நொச்சிப் பத்தைக்குள்ளை பேக்கரி வைச்ச மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாராம்.

இது ஒரு வைத்தியர். இரண்டாவது வைத்தியர் மேல்மாடியில் இருந்தார்.

அவர் ராகவேந்திரன், கோயம்புத்தூர்ப் பக்கத்து எஞ்சினியர். மரியாதையான ஆள். பாட்மின்டன் விளையாடப் போய்க் கணுக்கால் சவ்வைக் கிழித்துக்கொண்டு, நகரத்தின் மற்றத் தொங்கலில் ஒரு இடத்தில் லேசர் பிடித்து எழும்பினவர். பென்ஜமின் அண்ணையும் இவரும் வேறு வேறு நாடு, வேறு வேறு வேதம், வேறு வேறு படிப்பு. வகை ஒன்றுதான். அண்ணை காற்சட்டையைச் சுருட்டுவார். இவர் கைபேசியைத் திறப்பார். விழுந்த அன்று எடுத்த கணுக்கால் படம், அடுத்த கிழமைப் படம், அதற்கடுத்த கிழமைப் படம், பிறகு கலர் கலராய் ஏறி இறங்குகிற கோடுகள். "அக்கா, இது ப்ரூவன் டெக்னாலஜி. லைட் உள்ள போய் செல்லை எழுப்பி விடுது, அவ்வளவுதான். எண்ணெய் கிண்ணெய்யெல்லாம் மூடநம்பிக்கை. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்," என்றார். பயிற்சி சொல்லித் தருகிற மனிசி என்ன சொல்லுவாவோ என்று சுஜீவா இழுத்தாள். "அவங்ககிட்ட சொல்லாதீங்கக்கா. ஓல்ட் ஸ்கூல். புரியாது."

பார்த்தீர்களா, அதே வசனம். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி.

சுஜீவா என்ன செய்தாள்? இரண்டு பேரையும் மறுக்கவில்லை. அண்ணைக்காக எண்ணெய் பூசினாள், எஞ்சினியருக்காகக் காரில் ஏறினாள், டொக்டருக்காகப் பட்டி போட்டாள். ஒருவருக்கும் மற்றவரைப் பற்றிச் சொல்லவில்லை. பயிற்சியை மட்டும் மாதாவுக்காகச் செய்தாள், ஒருநாளும் விடாமல், குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு ஊன்றுதடி இல்லாமல் கோயிலுக்கு வந்தாள். நான் என்ரை கண்ணாலே கண்டேன். பூசையில் எல்லாரும் முழங்காலில் நிற்கிற நேரம் அவள் ஒற்றை முழங்காலில் நின்றாள், மற்றதைத் தடவிக்கொண்டு.

அன்றைக்கு மண்டபத்தில் பென்ஜமின் அண்ணை இருந்த இருப்பைப் பார்க்க வேணுமே. தான் பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரி வருகிற ஆக்களுக்கெல்லாம் றோல்ஸ் எடுத்துக் கொடுத்தார். "நான் சொல்லேல்லை, அந்தக் கால் சொல்லுது," என்றார். அதே நேரம் ராகவேந்திரன் அங்கே ஹனோவர்த் தமிழர்களின் வாட்ஸப் குழுவில், எங்கள் பில்டிங்கில் ஒரு சகோதரி லேசரில் எழுந்து நடக்கிறார், ஆருக்கும் வேண்டுமென்றால் நம்பர் தருகிறேன் என்று எழுதியிருந்தார். பயிற்சிக்கு ஆர் எழுதினது? குசினி மேசைக்கு ஆர் எழுதினது?

எங்கடை குருவானவர் ஒருநாள் பிரசங்கத்தில் சொன்னார், ஆண்டவர் நோயாளிகளைக் குணமாக்கிவிட்டு, இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லி அனுப்புவாராம். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு நெடுகக் குழப்பம். நல்ல விசயத்தை நாலு பேருக்குச் சொன்னால் என்ன? இந்த இரண்டு பேரையும் கண்ட பிறகு குழப்பம் தீர்ந்தது. குணமானவன் வாயைத் திறந்தால் அடுத்தவன் கால் போய்விடும் என்று ஆண்டவருக்கு அப்பவே தெரிந்திருக்கிறது.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, கடைசித் தடவை என்று லேசருக்குப் போனார்கள். அந்த இடத்தில் அன்றைக்கு ஒரு புது மெசின், பழையதைவிட உசாரானது, கூடச் சூடு. அதைப் பிடிக்கிற மனிசி சுஜீவாவிடம் முறையாகக் கேட்டிருக்கிறா, தோலில் ஏதாவது பூசியிருக்கிறீர்களா என்று. அண்ணை அதற்கு முந்தின நாள்தான் வந்து புதுசாய்ப் பூசிவிட்டுப் போயிருந்தார். மூன்று நாள் தண்ணி படக்கூடாதே. சுஜீவா வழக்கம்போலக் கடுதாசியால் துடைத்து, மணம் தெரியாமல் சென்ட் அடித்துவிட்டுத்தான் போயிருந்தாள். முழங்கால் எண்ணெய்க் கறையில் கன்னங்கரேல் என்று கிடந்தது. பூசியிருக்கிறேன் என்று சொன்னால், பக்கத்தில் நிற்கிற ராகவேந்திரனுக்கு எண்ணெய்க் கதை தெரிந்துவிடும், மனம் நொந்துவிடும். "நைன்," என்றாள், இல்லை என்று.

அந்த மனிசியாவது குனிந்து பார்த்திருக்கலாம். பார்த்தா. பார்த்துவிட்டு, இவர்களுடைய நாட்டுச் சனத்தின் தோல் இந்த நிறம்தானாக்கும் என்று நினைத்துவிட்டா. அவவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கடை முழங்காலை அவ எங்கே கண்டது? ஆனால் அந்த வெளிச்சத்துக்குக் கறுப்பைக் கண்டால் ஆகாது, கருங்கல்லில் வெயில் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொள்ளும்.

எரிந்தது. சுஜீவா வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அண்ணை சொல்லியிருந்தார், எரிஞ்சால்தான் சவ்வு பிடிக்கும். எஞ்சினியரும் சொல்லியிருந்தார், சூடு தெரிஞ்சா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். இரண்டு வைத்தியர்களும் ஒத்துச் சொன்ன ஒரே விசயம். மாதாவே மாதாவே என்று செபமாலையைக் கைப்பைக்குள் உருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது முழங்காலில் முட்டை அளவில் கொப்புளம்.

கொப்புளம் உடைந்து புண்ணானது. புண்ணுக்கு மேல் காப்புப் பட்டி போட ஏலாது. பட்டி இல்லாமல் பயிற்சி செய்ய ஏலாது. புண் காயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள், வீட்டில் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். உள்ளுக்குள் ஏதோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். அரைவாசி பிடிச்ச சவ்வு, திரும்பவும் விட்டது. இந்தமுறை முழுதாக.

டொக்டர் புண்ணைப் பார்த்தா. படத்தைப் பார்த்தா. இனி வெட்டித்தான் தைக்க வேணும், இந்த வருசம் பாரம் தூக்குவதை மறந்துவிடுங்கோ என்றா. பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் ஒவ்வொருமுறையும் கேட்டேனே, வேறு ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டா. சுஜீவாவுக்கு ஜெர்மன் நன்றாய் வரும். ஆனால் அண்ணை கோவிப்பார் என்பதை ஜெர்மன் பாசையில் எப்படிச் சொன்னாலும் அந்த மனிசிக்கு விளங்காது என்று தெரிந்து, ஒப்பரேசனுக்குத் திகதி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சூப் கொண்டு போனேன். பென்ஜமின் அண்ணை ஏற்கெனவே இருந்தார். சற்று நேரத்தில் மணி அடித்தது, ராகவேந்திரன் தோடம்பழப் பையோடு வந்து நின்றார். இரண்டு வைத்தியர்களும் அன்றைக்குத்தான் முதல் முதல் சந்தித்தார்கள். நடுவில் சுஜீவாவின் கால், தலையணை மேலே.

எண்ணெய் பூசியிருந்தது எஞ்சினியருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது, வெளிச்சம் பிடித்தது அண்ணைக்கும். லேசராலேதான் புண் என்று அண்ணை சொன்னார், எண்ணெயாலேதான் லேசர் சுட்டது என்று எஞ்சினியர் சொன்னார். அண்ணை காற்சட்டையைச் சுருட்டினார், மற்றவர் கைபேசியைத் திறந்தார். ஒரு பக்கம் முழங்கால், ஒரு பக்கம் கணுக்கால் படம். என்ரை கால் நடக்குதோ இல்லையோ என்றார் இவர், என் கால் பாட்மின்டனே ஆடுதே என்றார் அவர். தலையணை மேலே கிடந்த காலை ஒருவரும் பார்க்கவில்லை. பேசிப் பேசிக் களைத்து, தேத்தண்ணி வந்த நேரம், ஆச்சரியம் பாருங்கோ, இரண்டு பேரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனார்கள். பிழை டொக்டருடையது. அந்த மனிசி தொடக்கத்திலேயே வெட்டித் தைத்திருக்க வேணும்.

"ஓம், அதுதான் பிழை," என்றார் அண்ணை.

"கரெக்ட் சார், அதான் தப்பு," என்றார் எஞ்சினியர்.

நித்திரை குழம்பி எழும்பி வந்த அலோசியஸ் அறை வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வீட்டிலை டொக்டர் இல்லாதது நான் மட்டும்தான் போலை. நான் போய்ப் படுக்கிறன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அண்ணை சிரித்தார். தனக்குச் சொன்னதென்று அவருக்கு விளங்கவில்லை. இந்த வகைக்கு விளங்காது. அதுவும் இந்த வகையின் ஒரு அடையாளம்.

ஆவணி வந்தது. பஸ் பிடித்துப் போனோம். சுற்றுப்பிரகாரம் வருகிற பாதையோரத்தில், மரத்துக்குக் கீழே, மடிக்கிற கதிரை ஒன்றில் சுஜீவாவை இருத்தினோம். ஆரணி பக்கத்தில் நின்றாள். சுஜீவா அன்றைக்கென்று எடுத்து வைத்த நீலச் சீலையைத்தான் உடுத்தியிருந்தாள். வலது தோளில் சும்மாடு மாதிரி மடித்து வைக்க ஒரு வெள்ளைத் துவாய் வாங்கியிருந்தாள். அது மடியில் கிடந்தது.

பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு கொடிகள் வந்தன, சிறுபிள்ளைகள் வந்தார்கள், பூக்கள் வைத்த கூடு சனத்துக்கு மேலாலே மெல்ல மெல்ல அசைந்து வந்தது. பின்பக்கத்துத் தடியில், வலது தோளில், ஆர் என்று நினைக்கிறீர்கள்?

பென்ஜமின் அண்ணை. இடம் வெறுமையாய் இருக்கக் கூடாது என்று தானாகவே கேட்டு வாங்கினாராம். வேட்டியும் சால்வையுமாய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கூடு தூக்குகிறவர்கள் கதைக்கக் கூடாது, செபம்தான் சொல்ல வேணும் என்று குருவானவர் காலையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் எங்களைக் கண்டதும் அண்ணைக்கு வாய் பொறுக்கவில்லை. பக்கத்துத் தடிக்காரரின் பக்கம் கழுத்தைத் திருப்பி, தாடையாலே சுஜீவாவைக் காட்டி, அந்தக் கால் தான் பார்த்த கால் என்றும், உயிர்த்த ஞாயிறன்று தடியில்லாமல் நடந்தது என்றும், சும்மா இருந்தவளை ஆரோ கெடுத்துப் போட்டார்கள் என்றும் சொல்லத் தொடங்கினார். சொல்லும்போது தோள் இறங்கியது. தோள் இறங்கத் தடி இறங்கியது. பூவெல்லாம் ஒரு பக்கம் வழுகியது.

சுஜீவா கதிரையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழும்பினாள். இவ்வளவு மாதமாய் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாத பிள்ளை, சத்தம் போடாமல், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அண்ணை, கதைக்காமல் தூக்குங்கோ. மாதா சரியிறா."

அண்ணை வாயை மூடினார். தோளை நிமிர்த்தினார். கூடு நேரானது. நான் அவரை இத்தனை வருசமாய் அறிவேன், அவர் ஒரு நொண்டுகிற ஆளுக்கு முன்னால் வாயை மூடினதை அன்றைக்குத்தான் கண்டேன். கூடு எங்களைத் தாண்டுகிற நேரம் சுஜீவா அந்த வெள்ளைத் துவாயை ஆரணியிடம் கொடுத்து, ஓடிப்போய் அண்ணையின் தோளில் வை, தடி வெட்டும் என்றாள். பிள்ளை ஓடிப்போய் வைத்தது.

சரி, கதை முடிந்தது. வாசித்துக்கொண்டிருந்த உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? கோவிக்கக் கூடாது. முழங்கால் சவ்வு என்று மேலே எழுதினேனே, அந்த இடத்திலேயே உங்களுக்கு ஒரு எண்ணெயின் பெயர் ஞாபகம் வந்ததோ? அல்லது ஒரு டொக்டர், ஒரு மெசின், ஒரு குளிசை, மச்சானுடைய தோள்மூட்டு? சுஜீவா இதைச் செய்யாமல் அதைச் செய்திருந்தால் இந்நேரம் கூடு தூக்கியிருப்பாள் என்று மனதுக்குள் ஒருவர் சொன்னாரோ? அவளுடைய டெலிபோன் நம்பரை ஆரிடம் கேட்கலாம் என்று யோசித்தீர்களோ?

ஐப்பசியில் அவளுக்கு ஒப்பரேசன். பார்க்கப் போகிறதென்றால் போங்கோ, நல்லது. சூப் கொண்டு போங்கோ. போய் இருந்து, அவள் சொல்வதைக் கேளுங்கோ. உங்கடை காற்சட்டை மட்டும் கணுக்கால்வரை நீட்டாய் இருக்கட்டும்.